பாடத்தைச் சுண்டக் காய்ச்சுவது எப்படி?

பசும்பாலில் நூறு பங்குக்கு 87 பங்கு தண்ணீர். மிச்சமுள்ள 13 பங்குக்குள்தான் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புகள் எல்லாம் அடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் ருசிக்குத் தண்ணீர் வாகு, தீவன வாகு, கைப்பக்குவம் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது. 87 பங்கில் பெரும்பகுதியை ஆவியாக்கி அனுப்ப வேண்டும். 13 பங்கில் துளியும் தீயக் கூடாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தின் சாமான் பட்டியலில் இரண்டே பெயர்கள்: பால், சர்க்கரை. மற்றதெல்லாம் நெருப்பும் நேரமும் கிண்டுகிற கையும்.

பள்ளிக்கூடப் பாடமும் கறந்த பால் மாதிரிதான் வகுப்புக்கு வருகிறது. நாற்பது நிமிடம் ஆசிரியர் பேசுகிறார். எடுத்துக்காட்டு சொல்கிறார், சொன்னதையே மறுபடி சொல்கிறார், இடையில் பின்பெஞ்சை அதட்டுகிறார். கேட்பவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுவாரம் கேட்டால் தலைப்பு நினைவிருக்கும், உள்ளே இருந்தது இருக்காது. அந்தப் பாலைக் கெட்டிப்படுத்த மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது ஒன்றில்தான்: தான் புரிந்துகொண்டதை மாணவர் தன் வாக்கியத்தில், விடைத்தாள் திருத்தாத ஒரு வாசகருக்காக எழுதுவது. கையெழுத்துப் பத்திரிகை, சுவரிதழ், பள்ளி மலர், வகுப்புக்கு வகுப்பு கடிதம் என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு. வடிவம் எதுவானாலும் அடுப்பில் நடக்கும் வேலை ஒன்றே. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் பால். ஆடை எடுத்த பாலை எவ்வளவு நேரம் கிண்டினாலும் பால்கோவா வராது. பிசுபிசுப்பாக ஏதோ வரும். மாணவர் எழுதப்போகும் பொருளும் அப்படித்தான். “நான் ஒரு பறவையானால்” என்று தலைப்புக் கொடுத்தால் முப்பது பிள்ளைகளும் ஒரே வானத்தில் பறந்து ஒரே மரத்தில் வந்து உட்காருவார்கள். அந்தக் கட்டுரையில் கொழுப்பே கிடையாது. ராஜபாளையத்துப் பிள்ளைக்கு மில் ஷிப்ட் எப்படி மாறுகிறது என்று தெரியும். சத்திரப்பட்டிப் பிள்ளைக்கு பேண்டேஜ் துணி தறியிலிருந்து எந்த நிலையில் வருகிறது, எப்படி வெளுக்கிறது என்று தெரியும். சப்பட்டை மாம்பழத்தை எப்போது பறிக்க வேண்டும், ராஜபாளையம் நாய்க்குட்டியின் மூக்கு ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று வீட்டில் யாரையாவது கேட்டு வரவும் முடியும். செண்பகத்தோப்புப் பக்கத்துப் பிள்ளை சாம்பல் நிற அணிலை மரத்தில் பார்த்திருக்க வாய்ப்புண்டு. அந்த அணிலுக்காகவே 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இப்படிப் பார்த்தும் கேட்டும் சேர்த்த பொருளோடு பாடப் புத்தகம் வந்து கலக்கும்போதுதான் காய்ச்சத் தகுந்த பால் கிடைக்கிறது.

இந்த மண்ணில் அதற்குச் சாட்சியும் உண்டு. விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். சிறுகடை வைத்துப் பிழைத்துக்கொண்டே கரிசல் காட்டு மனிதர்களைப் பற்றிக் கதை கதையாக எழுதினார். ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்கு 2007ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அவர் ஒரு மேதை, எல்லாரையும் அவரோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். சரிதான். ஆனால் தனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார் என்பதை மட்டும் எந்தப் பிள்ளையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து சட்டி. பால்கோவா காய்ச்சுகிற சட்டி அகலமாக இருக்கும். குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் யாரும் காய்ச்சுவதில்லை. எழுத்துக்கு அந்த அகலத்தைத் தருகிறவர் வாசகர். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 1975இல் ஜேம்ஸ் பிரிட்டனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை அலசி ஒரு நூல் வெளியிட்டார்கள். யாருக்காக எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றையும் வகைப்படுத்திப் பார்த்தால், ஏறக்குறைய பாதி எழுத்து மதிப்பெண் போடும் ஆசிரியருக்காக எழுதப்பட்டது. மிச்சத்திலும் பெரும்பகுதிக்கு ஆசிரியர்தான் வாசகர். சக மாணவருக்காகவோ வெளியாருக்காகவோ எழுதியது அரிதிலும் அரிது. நம் ஊர்ப் பள்ளிகளில் அப்படி ஒரு கணக்கெடுத்தால் விகிதம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஆசிரியருக்கு எழுதுவதில் என்ன குறை? அவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். தெரிந்தவருக்குச் சொல்லும்போது விளக்கத் தேவையில்லை. ஞாபகம் இருக்கிறது என்று காட்டினால் போதும். “திரவம் வாயுவாக மாறும் நிகழ்வு ஆவியாதல் எனப்படும்” என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். எழுதிய பிள்ளைக்கு ஆவியாதல் புரிந்ததா என்று அந்த வாக்கியத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கைடு புத்தகத்திலும் அதே வாக்கியம்தான் இருக்கிறது. தெரியாதவருக்கு எழுதும்போதுதான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை வருகிறது.

இந்த விஷயத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் செலஸ்தீன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். உரக்க நீண்ட நேரம் பேச முடியாது. 1920இல் பார்-சுர்-லூ என்ற மலைக்கிராமத்துப் பள்ளிக்கு வேலைக்குப் போனார். பேசிப் பாடம் நடத்த உடம்பு ஒத்துழைக்காத ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போனார். பார்த்ததை எழுதச் சொன்னார். 1924இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியவற்றில் எதை அச்சடிப்பது என்று வகுப்பே வாக்களிக்கும். தேர்ந்தெடுத்ததை எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். ஈய எழுத்துகளைப் பிள்ளைகளே கோத்து, மையிட்டு அச்சடிப்பார்கள். அச்சடித்த தாள்களைத் அதே நாட்டின் தொலைதூரத்து பிரிட்டனிப் பகுதியிலிருந்த கடற்கரைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையிலிருக்கும் பிள்ளைக்கு மீன்பிடிப் படகு தெரியாது. கடற்கரைப் பிள்ளைக்கு ஆலிவ் அறுவடை தெரியாது. ஆகவே இரண்டு பக்கமும் விளக்கியே தீர வேண்டியிருந்தது. ஃப்ரெனேயின் புத்திசாலித்தனம் அச்சு இயந்திரத்தில் இருந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது அந்தத் தபாலில் இருந்தது என்றே தோன்றுகிறது.

அதே காலத்தில் வார்சாவில் குழந்தை மருத்துவர் யானுஸ் கோர்சாக் 1926இல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ‘சின்ன விமர்சனம்’ என்று தமிழில் சொல்லலாம். பெரியவர்களின் நாளிதழ் ஒன்றோடு வெள்ளிக்கிழமைதோறும் இணைப்பாக வந்தது. எழுதியவர்கள் பிள்ளைகள், கடிதம் போட்டுச் சண்டைபிடித்தவர்களும் பிள்ளைகள். 1939 செப்டம்பர் 1இல், போர் மூண்ட அன்றைக்குக் கடைசி இதழ் வெளிவந்தது.

நமக்கும் இது புதிதல்ல. கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தெரு இல்லாத ஊர் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கிடையாது. 1987இலிருந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ மாத இதழை நடத்துகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, ஆராய்ந்து, அறிக்கை எழுதி, அந்நியர் முன்னால் வாசிக்கிறார்கள். 2022இல் பள்ளிக் கல்வித் துறையே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் தொடங்கி, பிள்ளைகளின் படைப்புகளையும் போடுகிறது. நல்ல காரியம். ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஓர் இதழ் என்றால் ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர் வந்தாலே அதிர்ஷ்டம். மற்ற இருபத்தொன்பது பேரும் வாசகர்களாகவே நின்றுவிடுகிறார்கள். அச்சில் பெயர் வருவது பெருமைக்குத் தேவை. கற்பதற்கு ஒரே ஒரு வாசகர் போதும், அவர் திருப்பிக் கேள்வி கேட்கிறவராக இருந்தால்.

இப்போது கிண்டுதல். பால்கோவா வேலையில் உழைப்பும் கவனமும் போவது இங்கேதான், எழுத்திலும் இங்கேதான். ஒரு கற்பனை மாணவியை அடுப்படிக்குக் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி பால்கோவா அடுப்பு. “எங்கள் தெருவில் ஆவியாதல்” என்று ஒரு பக்கம் எழுதுகிறாள். புத்தகத்து வரையறை முதல் வரி. பாலைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிக் கெட்டிப்படும் என்பது இரண்டாவது வரி. பால்கோவா சுவையாக இருக்கும் என்பது கடைசி வரி. வாசகன், ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் சித்தி மகன். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் வாசித்துவிட்டுக் கேட்கிறான்.

“ஏக்கா, அகலமான சட்டி எதுக்கு? குடத்துல ஊத்திக் காய்ச்சுனா வேகாதா?”

“அதெல்லாம் ஆகாதுடா.”

“ஏன் ஆகாது?”

இந்த மூன்றாவது வரியில்தான் அடுப்பு பற்றிக்கொள்கிறது. அவளுக்கு விடை தெரியும் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். 2002இல் அமெரிக்காவில் ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் இந்த நினைப்பைச் சோதித்திருக்கிறார்கள். ஜிப், பூட்டு, கழிவறை ஃப்ளஷ் போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக எழுதி விளக்குங்கள் என்றார்கள். எழுதிய பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது பலரும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். தெரிந்த மாதிரி இருந்தது தெரியாதது என்று அவர்களுக்குச் சொன்னது யாரும் இல்லை, எழுதத் தொடங்கிய கைதான். பால் பொங்கி மேலே வருகிறபோது சட்டி நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும். துடுப்பைப் போட்டால் இறங்கிவிடும். அந்த மதிப்பெண்ணும் அப்படித்தான் இறங்கியது.

நம் மாணவி புத்தகத்துக்குத் திரும்பிப் போகிறாள். அங்கே இரண்டு வரையறைகள் இருக்கின்றன. ஆவியாதல் திரவத்தின் மேற்பரப்பில் மட்டும், எந்த வெப்பநிலையிலும் நடக்கும். கொதித்தல் குறிப்பிட்ட வெப்பநிலையில், திரவம் முழுவதும் நடக்கும். “வேறுபடுத்துக” கேள்விக்காக இதை அவள் மனப்பாடம் செய்தவள்தான். ஆனால் சட்டியில் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்று அதுவரை தோன்றியதில்லை. அகலமான சட்டியின் அடிப்பகுதி அதிகத் தீயை வாங்குகிறது, ஆகவே கொதி வேகமாக வருகிறது. மேற்பரப்பும் அகலம், ஆகவே தீயைத் தணித்த பிறகும் ஆவி தாராளமாகப் போகிறது. குடத்தின் கழுத்து ஆவியைத் தடுக்கும். பொங்கினால் அடுப்பில் ஊற்றும். மனப்பாடமாக இருந்த இரண்டு வரிகள் இப்போது ஒரே காரணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இதைத்தான் நான் சுண்டுதல் என்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவன் விடமாட்டான். “கிண்டாம விட்டா என்னாகும்?” அவள் இந்த முறை புத்தகத்துக்குப் போகவில்லை, அடுப்படிக்குப் போய்ப் பார்க்கிறாள். கிண்டாவிட்டால் மேலே ஏடு படர்ந்து ஆவியை மறிக்கிறது. கீழே, தண்ணீர் குறையக் குறையப் பால் கெட்டிப்பட்டு, சூடு ஓரிடத்திலேயே தங்கி, புரதமும் சர்க்கரையும் சட்டியோடு ஒட்டித் தீய்கின்றன. ஆக, துடுப்பு இரண்டு வேலை செய்கிறது: ஏட்டை உள்ளே மடிக்கிறது, அடியைச் சுரண்டுகிறது. அவள் எழுத்து இப்போது ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கும். முதல் வரியில் இருந்த வரையறையை அவளே அடித்துவிட்டிருப்பாள். அது இனி தேவைப்படாது.

இந்தக் கிண்டுதலில் இன்னொரு பலன் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு முறையும் நினைவு கெட்டிப்படுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கே இருவரும் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் பெயர்பெற்றது. ஒரு சாரார் ஒரு பத்தியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் மேல்: அவர்களுக்கு 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதியவர்களிடம் 61. நம் வீடுகளில் தேர்வுக்கு முந்தின ராத்திரி “இன்னொரு தடவ வாசி, இன்னொரு தடவ வாசி” என்று அதட்டுவோமே, அந்த வாசிப்பு மறுநாள் காலைக்கு உதவும். அதற்கு மேல் தாங்காது.

ராஜபாளையத்தில் கிண்டுவதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. அங்கே பல வீடுகளில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். வீட்டில் ஒரு மொழியில் புரிந்ததை இன்னொரு மொழியில் எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் சிரமம்தான். கூடுதல் லாபமும் அதில் இருக்கிறது. அந்த ஊர் மு. கு. ஜகந்நாத ராஜா (1933–2008) இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர். தெலுங்கு, சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம் என்று பல மொழிகள் தெரிந்தவர். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ ஆண்டாளின் கதை. கதை நடக்குமிடம் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊர் நாயகியைப் பற்றித் தெலுங்கு அரசர் எழுதியதை ஜகந்நாத ராஜா தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்காக 1989ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லைக்கூடப் புரியாமல் தாண்டிப்போக முடியாது. வீட்டில் அம்மா தெலுங்கில் சொன்ன வைத்தியத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால், அந்தப் பயிற்சியின் சின்ன அளவு அதற்குக் கிடைத்துவிடுகிறது. முதல் வரைவு பேச்சு நடையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். “ஊத்துனா”வை “ஊற்றினால்” ஆக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் நடையைத் திருத்தினால் பிள்ளை சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சொல்லத் தெரிந்ததை மட்டும் எழுதத் தொடங்கிவிடும்.

இது நம்மைச் சர்க்கரைக்குக் கொண்டுவருகிறது. எப்போது போடுவது என்பதில் கைக்குக் கை வித்தியாசம் உண்டு. ஆனால் கெட்டிப்பட்டு வரும் பாலில் சர்க்கரை விழுந்ததும் அது உருகிக் கொஞ்சம் இளகவைக்கும். பிறகு மறுபடி இறுக நேரம் பிடிக்கும். பாராட்டும் அப்படியே. முதல் வரைவுக்கே “சூப்பர், மிக நன்று” என்று சிவப்பு மையில் எழுதிவிட்டால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் கிண்டாது. சர்க்கரையே போடாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒற்றுப்பிழையையும் வட்டமிட்டு, பக்கத்தைச் சிவப்பாக்கித் திருப்பித் தருகிறவர்கள். இவர்களிடம் ஒரு வேண்டுகோள்தான். பொருளைப் பற்றி ஒரு கேள்வி எழுதுங்கள். “நீ சொல்வது சரி, ஆனால் மில்லில் ஈரப்பதம் ஏன் கூட்டுகிறார்கள் என்று சொல்லவில்லையே?” என்று ஒரு வரி போதும். ஒற்றுப்பிழையை அடுத்த வாரம் வட்டமிடலாம்.

பதம் எப்போது என்று கேட்டால் பால்கோவா போடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும், ஓரத்தில் நெய் மினுங்கும்; இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் கட்டிப்பட்டு இறுகிவிடும். எழுத்திலும் அதே தவறு நடக்கிறது. 2004இல் பாங்கர்ட்-டிரௌன்ஸ் குழுவினர் எழுதிக் கற்பிக்கும் முறை பற்றிய 48 பள்ளி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நீளமாக எழுதவைத்த இடங்களில் பலன் குறைந்திருந்தது. “இதில் உனக்கு எது புரிந்தது, எது இன்னும் குழப்பமாக இருக்கிறது?” என்று மாணவரையே தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளச் செய்த இடங்களில் பலன் கூடியிருந்தது. பத்துப் பக்க ‘அசைன்மெண்ட்’ கொடுத்து, பிள்ளைகளும் பெற்றோரும் ராத்திரி பதினொரு மணிவரை கலர் பேனாவில் கரை போடும் வழக்கத்தை இந்த ஒரு முடிவுக்காகவாவது நிறுத்தலாம்.

அந்த ஆய்வில் எனக்கு உறுத்தலான ஒன்றும் இருக்கிறது: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பலன் மற்ற வகுப்புகளைவிடக் குறைவாகத் தெரிந்தது. நம் கற்பனை மாணவி சரியாக அந்த வயதுக்காரி. பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறத் தொடங்குவதும், பிள்ளை என்ன எழுதுகிறது என்று தொடர்ந்து பார்க்க ஒருவரும் இல்லாமல் போவதும் அப்போதுதான் என்பதால் இருக்கலாம் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். 2020இல் கிரஹாம் குழுவினர் அறிவியல், சமூக அறிவியல், கணிதப் பாடங்களில் நடந்த 56 சோதனைகளைத் தொகுத்தார்கள். மூன்று பாடங்களிலும் எழுதிக் கற்றவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். பலன் மாயாஜாலம் இல்லை, மிதமானது; ஆனால் கணிதத்திலும் கிடைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பின்னத்தால் வகுக்கும்போது அதை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஐந்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களும் தடுமாறுவார்கள்.

கைபேசியில் கேட்டால் ஒரு நொடியில் ஒன்றரைப் பக்கம் வந்துவிடுகிறதே, பிள்ளை ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி இப்போது எல்லா ஆசிரியர் அறையிலும் இருக்கிறது. டப்பாவில் வாங்கிவந்த பால்கோவாவும் பால்கோவாதான், சந்தேகமில்லை. ஆனால் வாங்கித் தின்றவருக்குக் காய்ச்சத் தெரியாது. சித்தி மகன் “ஏன் ஆகாது?” என்று கேட்கும்போது கைபேசியிடம் வாங்கியதை ஒப்பித்தவள் மறுபடி கைபேசியிடம்தான் ஓட வேண்டும். ஆகவே வகுப்பில் வைத்து, பேனாவால், புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து நிமிடம் எழுதுவதை எந்தக் கருவியும் கெடுக்க முடியாது. வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல், அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்தில், தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. ஒவ்வொரு பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையிலும் ஒரு பிரதி இப்படி ஒரு நூலக மேசையில் கிடந்தால், நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிச்சயம் எடுத்துப் பார்ப்பார். பிழை கண்டுபிடிக்காமலும் விடமாட்டார். அவரைவிடக் கண்டிப்பான வாசகர் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கப்போவதில்லை.

ஃப்ரெனேயின் தபாலை இங்கே செய்ய மலையும் கடலும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. ஆனாலும் கோயில் தெருவில் வளரும் பிள்ளைக்கு மில்லுக்குள் பஞ்சு எப்படி நூலாகிறது என்று தெரியாது. மில் பகுதிப் பிள்ளைக்குத் தேரோட்டத்தன்று வடத்தை யார் எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று தெரியாது. ஓர் ஊரின் ஏழாம் வகுப்பும் மற்ற ஊரின் ஏழாம் வகுப்பும் மாதம் ஒரு முறை எழுதிக்கொள்ளலாம். விதிகள் அதிகம் வேண்டாம். எழுதியதில் ஒரு பாடக் கருத்தாவது இருக்க வேண்டும், பதிலில் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும். சாதி, வீட்டு வருமானம், முகவரி போன்றவை எழுத்தில் வராமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். மோசமாக எழுதிய பிள்ளையின் தாளை வகுப்பில் உரக்க வாசித்துச் சிரிக்கவைக்கக் கூடாது. அப்படி ஒரு தடவை நடந்தால் அந்தப் பிள்ளை அப்புறம் எழுதவே எழுதாது. இன்னும் எழுதத் தடுமாறும் பிள்ளை சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எழுதித் தரலாம். யோசனை யாருடையதோ பெயரும் அவருடையதே.

மதிப்பெண் உண்டா என்று தலைமையாசிரியர் கேட்பார். வேண்டாம் என்பதே என் கட்சி. மதிப்பெண் வந்தவுடன் வாசகர் மறுபடி ஆசிரியராகிவிடுவார். கட்டாயம் வேண்டுமென்றால் எழுதியதற்குப் போடாமல், வந்த கேள்விக்குத் திருப்பி எழுதிய பதிலுக்குப் போடலாம்.

செலவைப் பற்றியும் கேட்பார்கள். சாதா அஞ்சலட்டை இன்றும் ஐம்பது பைசா. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு மாதம் பதினைந்து ரூபாய். அஞ்சலட்டையில் இடம் போதாது என்று பிள்ளைகள் முறையிடத் தொடங்கினால் எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு, தினமும் அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வரும் ஆசிரியர் ஒருவர் கையில் கொடுத்துவிடலாம்.